பதினோரு வளையங்களின் சாய்வு

1

1983 ஜனவரி 18, செவ்வாய்க்கிழமை. புதூர்நாடு, மலைமேல் என் சொந்த ஊர். விடுப்பில் பத்தாவது நாள்.

காலை 5.40க்கு எழுந்தேன். வாசலில் 12 டிகிரி. 6.15க்குக் குளித்தேன், 7.00 மணிக்கு வெல்லக் காபி; 7.20 முதல் 7.50 வரை நோட்டு எழுதினேன். எட்டு மணிக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். என் மனைவி சாந்தா, என் அக்காவுடன் களத்துக்குப் போனாள். பன்னிரண்டு வயது மகள் மல்லிகா, கதவோரம் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, வீட்டுக்கு எப்போது போகிறோம் என்று ஜெர்மன் மொழியில் கேட்டாள். பிப்ரவரி 10 என்றேன். அவள் வீடு என்று எதைச் சொல்கிறாள் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. அதைக் கேட்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது.

இதுவரை அது எல்லா நாளையும் போன்ற நாள். அன்று காலை 10.30க்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் என் வேலை என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். ஊரிலிருந்து கடிதம் எழுதும் நண்பர்கள் நான் ஏதோ இயந்திரத் தொழிற்சாலையில் இருப்பதாகவே இன்னும் நினைக்கிறார்கள்.

2

மேற்கு ஜெர்மனியில் ஒரு சிறிய நகரத்தின் பல்கலைக்கழகத்தில், இயற்பியல் துறைப் பட்டறையில் நான் நுண்கருவி ஃபிட்டர். 1974 மார்ச்சில் சேர்ந்தேன். காலை 6.10க்கு டிராம், 6.45க்குப் பட்டறை, 12 மணிக்கு உருளைக்கிழங்கு, 4.15க்குத் திரும்ப டிராம். ஒன்பது வருடத்தில் டிராமில் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசியவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் டிக்கெட் பரிசோதகர்.

அங்கே ஆராய்வது ஒருவகை அலை. ரேடியோ அலையைவிட மிகச் சிறியது, அடுப்புச் சூட்டின் அலையைவிடப் பெரியது. அலையின் ஒரு நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் துறையில் அதைத் தொலை அகச்சிவப்பு என்பார்கள். புதிதாக வந்த சிலர் டெராஹெர்ட்ஸ் அலை என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாது. காற்றில் இருக்கும் ஈரமே அதைக் குடித்துவிடும். அதனால் குழாய்களில் உலர்ந்த காற்றை நிரப்பித்தான் வேலை செய்வார்கள்.

இந்த அலையில் வேண்டியதை மட்டும் விட்டு, வேண்டாததைத் தடுக்க ஒரு வடிகட்டி வேண்டும். அந்த வடிகட்டி, கண்ணாடியோ வண்ணத்தாளோ அல்ல. செம்பு வலை. கால் மில்லிமீட்டருக்கு ஒன்றாகச் சதுரக் கண்கள். வலையின் கனம் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளை விடக் குறைவு. மூச்சு பட்டால் நடுங்கும். அதைப் பித்தளை வளையத்தில் சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டுவதுதான் என் வேலை.

கண்ணைவிட மிக நீளமான அலை இந்த வலைக்குள் நுழையாது. அதுவரை நம் வீட்டுச் சல்லடைக் கணக்குதான். அதற்கு மேல் கணக்கு மாறுகிறது. வலையின் முகத்தில் பாதிக்கு மேல் உலோகம். ஓட்டை பாதிகூட இல்லை. ஆனாலும் கண்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிடச் சற்றே நீண்ட ஒரு குறிப்பிட்ட அலை மட்டும் ஏறக்குறைய முழுவதுமாக அந்தப் பக்கம் போய்விடும். உலோகத்தின் மேல் விழுந்த பங்கும் எப்படியோ கண் வழியாக வழி கண்டுபிடிக்கிறது. இதையே தலைகீழாக, வலைக்குப் பதில் மெல்லிய ஏட்டின் மேல் தனித்தனிச் செம்புச் சதுரங்களாக ஒட்டினால், அதே அலை மட்டும் நின்றுவிடும், நீளமானவை போய்விடும். உலோகம் எவ்வளவு இருக்கிறது என்பது பெரிதல்ல. எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதே பெரிது. முதல்முறை இதை எனக்குச் சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு வரைபடத்தில் பார்த்தேன்.

3

ரெனாட்டே எங்கள் துறையில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்யும் பெண். வயது இருபத்தெட்டு. நான் கட்டிய வலைகள் வழியாக எந்த அலை எவ்வளவு போகிறது என்று அளப்பது அவள் வேலை. சொன்ன நேரத்துக்கு வருவாள், வளையத்தைக் கையில் வாங்கும் முன் கையுறை போடுவாள். மல்லிகாவின் பள்ளியிலிருந்து வரும் கடிதங்களில் எனக்குப் புரியாத வரிகளை அவள்தான் படித்துச் சொல்வாள்.

போன வருடம் இலையுதிர் காலத்தில் அவளுக்கு ஒரு சிக்கல் வந்தது. அந்த அலைக்கு ஆடும் திசை உண்டு; மேல்கீழாக ஆடலாம், இடவலமாக ஆடலாம். கண் சரியான சதுரமாக இருந்தால் எந்தத் திசையில் ஆடினாலும் ஒரே அளவுதான் போக வேண்டும். வளையத்தைக் கால் சுற்று திருப்பினால் எண் மாறக் கூடாது. அவளுக்கு மாறியது. வலையே இல்லாமல் அளந்தால் மாறவில்லை. எனவே வலையில்தான் குறை என்று அவள் சொன்னாள்.

வலைகளை நுண்ணோக்கியில் வைத்துக் கண்களின் பக்க நீளத்தை அளந்தோம். நான்தான் அளந்தேன். எல்லாப் பக்கமும் சமம். அதன் பிறகு பேராசிரியர் சொன்னது நியாயமாகவே இருந்தது. பதினோரு வளையங்கள், பதினொன்றும் வெவ்வேறு மாதத்தில் கட்டியவை, பதினொன்றும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு பிசகு காட்டுகின்றன. கையால் கட்டிய பொருளில் பிழை வந்தால் ஒன்றில் இப்படி, இன்னொன்றில் அப்படி என்றுதான் வரும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வந்தால் அது பொருளின் பிழையல்ல, அளக்கும் முறையின் பிழை. வலை வைத்ததும் அவள் கருவியின் ஒழுங்கு ஏதோ நகர்கிறது என்றார். என் பக்கம் திரும்பி, இவருடைய நோட்டுகளைப் பாருங்கள், ஒரு வளையத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே இல்லை என்றும் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஜனவரி 31 திங்கட்கிழமை துறைக் கூட்டம். அதற்குள் காரணம் தெரியாவிட்டால் ஒரு வருட அளவீடுகளைத் தள்ளிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அவளுடைய உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. மறுபடி தொடங்குவது என்றால், அவளைப் பொறுத்தவரை, விட்டுவிடுவது.

நான் விடுப்புக்குக் கிளம்பிய அன்று அவள் கருவியைப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்திருந்தாள். நல்ல பயணம் என்றாள்.

4

ஜனவரி 18க்கு வருகிறேன். காலை 10.30.

அக்காவின் பெயர் காளியம்மா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். சாமை சலிக்கும் சல்லடையில் கம்பி வலை அறுந்துவிட்டது என்று, திருப்பத்தூரில் வாங்கிய புது வலைத் துண்டை எடுத்துக்கொண்டு களத்தில் உட்கார்ந்தாள். நான் எதிரே கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வளையத்தின் மேல் வலையை விரித்தாள். நாலு பக்கமும் இழுத்துச் சமன் செய்தாள். மேல் வளையத்தை அழுத்தும் முன், கடைசியாக, இரண்டு எதிர் மூலைகளைப் பிடித்து ஒரு வெட்டு இழுப்பு இழுத்தாள்.

அது எதற்கு என்று கேட்டேன்.

"இன்னாடா இது? நீயும் நானும் எத்தினி கட்டியிருப்போம், மறந்துட்டியா? சதுரக் கண்ணுல சாமை குந்திக்கும். சாஞ்ச கண்ணுல குந்தாது, வுழுந்துடும்."

உண்மைதான். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் கட்டுவார்கள். உருண்டைத் தானியம் சதுரத்தில் சிக்கி அடைத்துக்கொள்ளும். கண் கொஞ்சம் சாய்ந்திருந்தால் தங்காது. பதினைந்து வயது வரை நானும் ஒவ்வொரு அறுவடைக்கும் கட்டியிருக்கிறேன். அதை மறந்ததில்லை. நினைத்ததும் இல்லை.

என் கைகளைப் பார்த்தேன். பட்டறை மேசை, பித்தளை வளையம், செம்பு வலை. நாலு பக்கமும் இழுக்கிறேன். சமன் செய்கிறேன். மேல் வளையத்தை வைக்கும் முன்?

எனக்குத் தெரியவில்லை. என் நோட்டுகளில் இருப்பது முழுவதும் ஞாபகம் இருக்கிறது: அறை வெப்பம், ஈரம், இழுவிசை, பசை, காயும் நேரம், வளையத்தின் எண், எண்ணை மேல்பக்கமாக வைத்தே கட்ட வேண்டும் என்ற குறிப்பு. கடைசி இழுப்பு பற்றி ஒரு வரி கிடையாது. நான் செய்ததாகவும் இல்லை, செய்யவில்லை என்றும் இல்லை.

அக்காவிடம் மீதமிருந்த வலையைக் கேட்டு வாங்கினேன். வீட்டில் இருந்த இன்னொரு பழைய சல்லடையின் வளையங்களைக் கழற்றினேன். மல்லிகாவிடம் அவளுடைய ஜாமெட்ரி பெட்டியிலிருந்து கோணமானியை எடுத்து வரச் சொன்னேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பட்டறையில் கட்டுவதுபோல், திரும்பிப் போனதும் செய்ய வேண்டிய ஒரு உதிரிப் பாகத்தைப் பற்றி நினைத்துக்கொண்டே கட்டினேன். ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் மல்லிகா கோணமானியை வைத்துப் பார்த்து எண்ணை ஜெர்மனில் சொன்னாள். நான் தமிழில் எழுதினேன். 84, 85, 84, 83, 84.

சதுரத்துக்கு 90 வேண்டும்.

ஐந்தாவதற்குப் பிறகு அவள் தமிழுக்கு மாறினாள். "அப்பா, எப்பவும் ஒரே பக்கம்தான் சாயுது."

செம்பு வலை இவ்வளவு நெகிழாது. அதில் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி சாய்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பக்க நீளத்தை அளந்தாலும் தெரியாது. சதுரத்தைச் சாய்த்தால் பக்கங்கள் மாறுவதில்லை, கோணம்தான் மாறும். கோணத்தை யாரும் அளக்கவில்லை. எண்ணை மேலே வைத்து, எப்போதும் அதே இரண்டு மூலைகளை இழுத்ததால், பதினொன்றும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. நான் கொஞ்சம் கவனக்குறைவாக, ஒரு நாள் ஒருவிதமாகக் கட்டுபவனாக இருந்திருந்தால், வலைதான் காரணம் என்று அன்றே கண்டுபிடித்திருப்பார்கள். என் ஒழுங்குதான் அந்தப் பெண்ணைக் குற்றவாளி ஆக்கியது.

அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் இவ்வளவு நேரம் என்ன செய்கிறேன் என்று சாந்தாவிடம் கேட்டிருக்கிறாள். அங்கே அவருக்கு இதுதான் வேலை என்று சாந்தா சொல்லிவிட்டாள்.

"இன்னாடா தம்பி, ஏரோபிளான் ஏறிப் போய்ட்டு அங்கியும் சல்லடைதான் கட்டினு கீறியா? இதுக்கா ஒம்போது வருஷம்? இங்கியே குந்தி கட்டியிருந்தா ஊருக்கே கட்டிக் குடுத்திருக்கலாமே."

மல்லிகா சிரித்தாள். ஊருக்கு வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. நானும் சிரித்தேன், ஆனால் என் கை நோட்டை மூடிக்கொண்டிருந்தது.

5

மதியம் சாந்தாவிடம் சொன்னேன். புளியமரத்தடியில், மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் முதலில் கேட்டது, அந்தப் பெண்ணுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பது. பதின்மூன்று நாள் என்றேன். நாம் திரும்பிப் போய்ச் சொன்னால் போதாதா என்றாள். போதாது, நாம் போய்ச் சேருமுன் கூட்டம் முடிந்துவிடும். கடிதம் போனால்? பன்னிரண்டு நாள், சில சமயம் பதினாறு. டிரங்க் கால் பதிவு செய்து காத்திருந்தாலும், அந்த இரைச்சலில் என் ஜெர்மன் எடுபடாது. தந்தி ஒன்றுதான் வழி.

சாந்தா அடுத்த மொச்சையை எடுத்தாள். சொன்னால் என்ன ஆகலாம் என்று அவளுக்கும் தெரியும். என் ஒப்பந்தம் மார்ச் 31 வரை. முதல் ஒரு வருடத்துக்குப் பிறகு, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதே பேராசிரியர் கையெழுத்துப் போட்டால் புதுப்பிக்கப்படும். ஒப்பந்தம் இருந்தால்தான் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் அனுமதி. அனுமதி இருந்தால்தான் மல்லிகாவுக்குப் பள்ளி. தமிழில் தன் பெயரை மட்டும் எழுதத் தெரிந்த பெண்ணைப் பாதிப் படிப்பில் கொண்டுவந்து திருப்பத்தூரில் ஏழாம் வகுப்பில் உட்கார வைக்க முடியாது.

நோட்டில் தந்தி வாசகத்தை எழுதிப் பார்த்தேன். முதல் வாசகம்: வளையங்களை மறுபடி பரிசோதிக்கவும். அதைப் படித்தால் பேராசிரியர் பரிசோதித்தாகிவிட்டது என்பார். இரண்டாவது: கண்களின் கோணத்தை அளக்கவும். அளப்பார்கள். ஒரு டிகிரி சாய்வு தெரியும். அது நுண்ணோக்கியின் பிழையாக இருக்கலாம், கட்டிய பிறகு பசை காய்ந்ததால் வந்ததாக இருக்கலாம், ஒரே பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கும். பதினொன்றும் ஒரே பக்கம் ஏன் என்பதற்கு உலகத்தில் ஒரே விடைதான் உண்டு. கட்டியவன் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இழுத்தான். அதைக் கட்டியவன்தான் சொல்ல முடியும்.

சாந்தாவிடம் இரண்டையும் படித்துக் காட்டினேன். இரண்டாவது போதாதா என்று நானே கேட்டேன். அவள் மொச்சையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எத்தினி மணிக்கு எழுந்தீங்க, எத்தினி மணிக்குக் குளிச்சீங்கன்னுகூட எழுதுறீங்க. இத மட்டும் எங்க எழுதாம வெக்கப் போறீங்க?"

மூன்றாவது வாசகத்தை எழுதினேன். அன்றைய நோட்டில் கடைசி வரி: மாலை 6.20, ஜீப்புக்குச் சொல்லியாகிவிட்டது, காலை 5.30.

6

அதன் பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஜூலை முதல் வாரம் ஒரு அலுவலகத்தில் அதைச் சொல்ல வேண்டி வந்தது. அதனால்தான் எழுதவும் தோன்றியது.

வெளிநாட்டவர் அலுவலகம், மூன்றாம் எண் அறை; தங்கும் அனுமதியை நீட்டிக்க மல்லிகாவுடன் போயிருந்தேன். காலை 7.10க்கு வரிசையில் நின்றேன், 10.40க்கு உள்ளே அழைத்தார்கள். அந்த அம்மாள் என் கோப்பைப் புரட்டினாள். இதுவரை இரண்டு வருடம், இரண்டு வருடம் என்று ஒப்பந்தம் இருக்கிறது, இந்த முறை ஏன் ஆறு மாதம் என்று கேட்டாள். விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு வரிக்குத்தான் இடம். வலையைச் சாய்த்துக் கட்டினேன் என்று என் ஜெர்மனில் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்து, மீன் வலையா என்றாள். பக்கத்தில் இருந்த மல்லிகா எனக்காகப் பேசினாள். அவள் என்ன சொன்னாள் என்பது வேகத்தில் பாதி எனக்குப் புரியவில்லை. அந்த அம்மாள் கட்டத்தில் ஒரு வரி எழுதி முத்திரையிட்டாள். வெளியே வந்ததும் என்ன சொன்னாய் என்று கேட்டேன். நடந்ததைச் சொன்னேன் என்றாள்.

நடந்தது இதுதான். ரெனாட்டே கோணத்தை அளந்தாள். கூட்டத்தில் அவளுடைய அளவீடுகள் தள்ளப்படவில்லை. நான் திரும்பியதும் வேண்டுமென்றே ஒரு டிகிரி, இரண்டு டிகிரி, மூன்று டிகிரி சாய்த்து வலை கட்டித் தரச் சொன்னாள். சாய்வு கூடக்கூட அலை எப்படி இரண்டு விதமாகப் பிரிகிறது என்பது அவள் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம். உதவித்தொகையை ஜூன் வரை நீட்டினார்கள், முடித்துவிட்டாள். பேராசிரியர் என்னிடம் கோபப்படவில்லை. சொன்னதற்கு நன்றி என்றார். இனி நான் கட்டும் ஒவ்வொரு வளையத்தையும் இன்னொருவர் கோணம் அளந்து கையெழுத்திடுவார் என்றார். பிறகு ஆறு மாத ஒப்பந்தத்தை நீட்டினார். அது செப்டம்பர் 30 வரை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

இப்போது வலை கட்டும்போது கைகளைப் பார்த்துக்கொண்டே கட்டுகிறேன். முன்பு ஒரு வளையத்துக்கு நாற்பது நிமிடம்; இப்போது ஒன்றேகால் மணி நேரம். கடைசியில் மூலைகளுக்குப் போகும் விரல்களை நிறுத்த வேண்டியிருக்கிறது. சில நாள் நிற்கின்றன. நிற்காத நாளில் வலையைக் கழற்றிவிட்டு மறுபடி கட்டுகிறேன். நோட்டில் அதற்கென்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்.

ரெனாட்டே தன் ஆய்வேட்டின் முதல் பிரதிகளில் ஒன்றை எனக்குக் கொடுத்தாள். நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. எதற்கு நன்றி என்பதை எழுதவில்லை. அது அவளுடைய நாகரிகம்.

7

1983 ஜனவரி 19, புதன்கிழமை.

ஜீப் 5.30க்கு வரவில்லை, 5.50க்கு வந்தது. பின்னால் கடுக்காய் மூட்டைகள், முன்னால் நான்கு பேர். திருப்பத்தூர் தந்தி அலுவலகத்தில் 8.05க்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் ஐந்து பேர்.

வெளிநாட்டுத் தந்தி என்றதும் எழுத்தர் நிமிர்ந்தார். கண்ணாடி போட்ட, ஐம்பது வயதுக்காரர். மலையிலிருந்து வருகிறேன் என்று என் போர்வையைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

"யாருங்க தவறிட்டாங்க?"

யாரும் இல்லை என்றேன். அவருக்கு ஆறுதலாகவும் கொஞ்சம் சந்தேகமாகவும் இருந்தது. படிவத்தைத் திருப்பி, பெறுபவர் உறவா என்று கேட்டார். இல்லை, என் பேராசிரியர், உத்தியோக விஷயம் என்றேன். ஜெர்மனி என்பதற்கு மேற்கா கிழக்கா என்று கேட்டு, சரியான கட்டத்தில் எழுத வைத்தார். பிறகு வாசகத்தை ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக, பென்சிலால் தொட்டுக்கொண்டு, வரிசை முழுவதும் கேட்கும்படி படித்தார். அதுதான் அங்கே வழக்கம். தமிழில் சொன்னால் அது இவ்வளவுதான்: வலைக் கண்களின் கோணத்தை அளக்கவும். பதினொன்றும் ஒரே பக்கம் சாய்ந்தவை. ஒவ்வொரு முறையும் அதே மூலைகளை இழுத்துக் கட்டினேன். ரெனாட்டேயின் கருவி சரி. தவறு என்னுடையது.

கடைசி வரியில் பென்சில் நின்றது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"சார், வெளிநாட்டுக்காரனுக்குப் போறது. இந்தக் கடைசி வரிய எடுத்துட்டாக்கூட விஷயம் புரியும்ங்க. எடுத்துடட்டுமா?"

"அது இருந்தாத்தாங்க விஷயம் புரியும்" என்றேன்.

அவர் பென்சிலைக் கடைசி வரியிலிருந்து எடுத்தார். பிறகு சொற்களை மறுபடி எண்ணி, எண்ணிக்கையை மூலையில் எழுதி, முத்திரை குத்தினார். மணி 8.25.